முட்டித் தேய்மானத்துக்கு எட்டு மாதமாக வலி மாத்திரை: மாற்றலாமா, நிறுத்தலாமா?

கேள்வியின் சுருக்கம்: "அம்மாவுக்கு வயது 62. இரண்டு முட்டியிலும் தேய்மானம். வலது இடுப்பு மூட்டிலும் ஆரம்பித்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரையை எட்டு மாதமாகக் காலையும் இரவும் போடுகிறார். பழைய சீட்டைக் காட்டினாலே மெடிக்கலில் கொடுத்துவிடுகிறார்கள். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை, சுகருக்கு மெட்ஃபார்மின். ஒரு மாதமாகக் கால் வீங்குகிறது. ஜெல் தடவியும் பலனில்லை. அத்தை எட்டோரிகாக்சிப் 90 போடுகிறார், அதுதான் நல்லது என்கிறார். மாற்றலாமா?"

மாற்ற வேண்டாம். அசெக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். ஓரிரு நாளில் மருத்துவரிடம் கூட்டிப்போய் பிரஷர், கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீரில் அல்புமின் ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை வலி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலி திரும்பும். வேறு கெடுதல் வராது. ஆனால் பிரஷர் மாத்திரையையோ, இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 போடுகிறவர் என்றால் அதையோ நீங்களாக நிறுத்தக் கூடாது. இடைப்பட்ட நாட்களுக்குத் தனிப் பாராசிட்டமால் போதும். 500 மி.கி. மாத்திரை ஒன்றோ இரண்டோ, தேவைப்படும்போது, நாள் முழுக்கச் சேர்த்து 3 கிராமைத் தாண்டாமல். கல்லீரல் கோளாறு இருந்தாலோ, எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ இன்னும் குறைக்க வேண்டும்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், முட்டிக்காக அல்ல, சிறுநீரகத்துக்காக. அதை ஏரி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால், வாய்க்காலை அகலமாக்கி ஓட்டத்தைக் காப்பாற்றும் பொருள் புரோஸ்டாகிளாண்டின். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாமே அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான் குறைக்கின்றன. வரத்து வாய் சுருங்குகிறது. டெல்மிசார்டன் மறுபுறத்து மதகைத் திறந்துவிடுகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பிலிருக்கும் நீரையே குறைக்கிறது. வரத்து குறைவு, போக்கு திறப்பு, மொத்தக் கொள்ளளவும் குறைவு: மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல மருந்துகளே. சேரும்போதுதான் தகராறு. சேர்த்து ஆரம்பித்த முதல் மாதத்தில் ஆபத்து அதிகம். அதைத் தாண்டியவர்களுக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ கடும் வெயிலோ வந்து உடம்பில் நீர் வற்றும் நாளில் மறுபடி தலைதூக்கும். அம்மா எட்டு மாதம் தாக்குப்பிடித்தது நல்ல செய்திதான். அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கால் வீக்கத்துக்கும் இதே மருந்து காரணமாக இருக்கலாம்: உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷரைச் சில புள்ளிகள் ஏற்றும், பிரஷர் மாத்திரை வேலை செய்வதை மட்டுப்படுத்தும். இதைக் கவனிக்காமல் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது அன்றாடம் நடக்கும் தவறு. அம்லோடிபின் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதுவும் கணுக்காலை வீங்க வைக்கும். வீட்டில் எடை மிஷின் இருந்தால் தினமும் காலையில், சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே மருத்துவமனை.

இந்த மருந்து முட்டிக்குள் என்னதான் செய்கிறது? தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பு தேய்வதுபோல வெறும் உராய்வு என்று தோன்றும். உண்மையில் குருத்தெலும்பு சிதையும்போது மூட்டின் உட்சவ்வு எரிச்சலடைந்து மெல்லிய அழற்சி உண்டாகிறது. குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பும் மாறுகிறது. வலி சவ்விலிருந்தும் எலும்பிலிருந்தும் வருகிறது. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அதனால்தான் எக்ஸ்ரேயில் மோசமாக இருப்பவர் நன்றாக நடப்பார், லேசாக இருப்பவர் துடிப்பார். ஆஸ்பிரின் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வேலை செய்கின்றன என்று 1971இல் காட்டியவர் ஜான் வேன். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த உற்பத்தி குறைந்தால் அழற்சியும் வலியும் குறையும். அவ்வளவுதான். தேய்ந்த குருத்தெலும்பை எந்த மாத்திரையும் வளர்க்காது. ஆகவே வலி இல்லாத நாளில் "மூட்டுக்கு நல்லது" என்று இதைப் போடுவதில் பொருளே இல்லை. வலி குறைவதும் சராசரியாகப் பார்த்தால் நடுத்தர அளவுதான். முழுசாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவருக்குக் கவசமும் கூட. மாத்திரை பட்டுத்தான் புண் வருகிறது என்று பலரும் நினைப்பதால், "மாத்திரை வேண்டாம் டாக்டர், ஊசியே போட்டுவிடுங்கள்" என்று கேட்கிறார்கள். ஊசி வழியாகப் போனாலும் இரத்தத்தின் மூலம் அதே கவசம் குறைகிறது, அதே புண் வருகிறது. சிறுநீரகத்துக்கும் ஊசி என்றால் சலுகை இல்லை. இடுப்பில் போடும் டைக்ளோஃபெனாக் 75 மி.கி. ஊசி, சிறுநீரகக் கல் போன்ற திடீர் வலிக்கு உரியது. வருடக்கணக்கில் இருக்கும் முட்டி வலிக்கு வாரம் ஒன்று போட்டுக்கொள்வது கணக்கில்லாத செலவு, சில நேரம் போட்ட இடத்திலேயே தசை அழுகும் அபாயமும் உண்டு.

வயிற்றைக் காக்க வேண்டுமானால் ஒமெப்ரசோல் 20 அல்லது பான்டோபிரசோல் 40, காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன், வெறும் வயிற்றில், வலி மாத்திரை போடும் அத்தனை நாளும். வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு. இந்த இரண்டையும் ஒரே வாயில் போட்டு விழுங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. கேஸ் மாத்திரையின் பலன் குறையலாம். பாட்டிலில் வரும் ஆன்டாசிட் திரவம் எரிச்சலை அடக்குமே தவிர புண்ணைத் தடுக்காது. எரிச்சல் இல்லாததால் புண் இல்லை என்றும் ஆகாது. வயதானவர்களில் பலருக்கு முதல் அறிகுறியே தார் போன்ற கறுப்பு மலம்தான் (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார்போல் ஒட்டாது, அந்த வீச்சமும் இராது). இன்னொன்றும் உண்டு: கேஸ் மாத்திரையின் காவல் இரைப்பையோடும் முன்சிறுகுடலோடும் முடிந்துவிடும். அதற்குக் கீழே சிறுகுடலில் மெதுவாக இரத்தம் கசிந்தால் அது ஒன்றும் செய்யாது. காரணம் தெரியாமல் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனால் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

அத்தையின் எட்டோரிகாக்சிப்புக்கு வருவோம். காக்ஸ்-1, காக்ஸ்-2 என்று இரண்டு நொதிகள் உண்டு. இரைப்பைக் கவசத்துக்குப் பெரிதும் முதலாவது, அழற்சிக்குப் பெரிதும் இரண்டாவது. இரண்டாவதை மட்டும் தடுத்தால் வயிறு தப்பிக்குமே என்று 1990களின் இறுதியில் செலெகாக்சிப்பும் ரோஃபெகாக்சிப்பும் வந்தன. வயிறு ஓரளவு தப்பியது. இதயம் மாட்டிக்கொண்டது. இரத்தக்குழாய்ச் சுவரில் உறைவைத் தடுக்கும் புரோஸ்டாசைக்ளின் உருவாவதற்கு காக்ஸ்-2 வேண்டும். தட்டணுக்களில் (பிளேட்லெட்) உறைவைத் தூண்டும் பொருளோ காக்ஸ்-1 வேலை. உறைவைத் தடுக்கும் தட்டின் எடையை மட்டும் குறைத்தால் தராசு உறையும் பக்கம் சாய்கிறது. 2000இல் வந்த ஓர் ஆய்வில் நாப்ராக்சென் பெற்றவர்களைவிட ரோஃபெகாக்சிப் பெற்றவர்களுக்கு மாரடைப்பு நான்கு மடங்கு தெரிந்தது. அதற்கு நாப்ராக்சென் இதயத்தைக் காத்ததுதான் காரணம் என்று விளக்கம் சொன்னார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட அடுத்த ஆய்விலும் ஆபத்து தெரிந்தபின், 2004 செப்டம்பர் 30 அன்று நிறுவனமே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அந்த வருட இறுதியில் இந்தியாவும் தடைசெய்தது.

எட்டோரிகாக்சிப் அதே குடும்பம். அமெரிக்காவில் 2007இல் அனுமதி மறுக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கிடைக்கிறது. ஐரோப்பியக் குறிப்பின்படி மூட்டுத் தேய்மானத்துக்கு அதன் அளவு நாளுக்கு 30 மி.கி., போதாவிட்டால் 60. அத்தை போடும் 90, முடக்கு வாதத்துக்கும் முதுகுத்தண்டு அழற்சிக்கும் உரிய அளவு. 120 என்பது திடீர் யூரிக் அமில வாதத்துக்கு, அதுவும் அதிகபட்சம் எட்டு நாள். இங்கே முட்டிக்கு 90 எழுதுவது சகஜமாகிவிட்டது. வேகமாகக் கேட்கும் என்பதைத் தவிர அதற்குக் காரணம் ஏதும் இல்லை. 140/90க்கு மேல் நின்று கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்களுக்கு இந்த மருந்தே கூடாது. இதன் சிறப்புக் கெடுதலே பிரஷரை ஏற்றுவதுதான். அம்மாவுக்கு இதை எழுதுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது.

பழைய மருந்தே மேல் என்றும் இதற்கு அர்த்தமில்லை. டைக்ளோஃபெனாக் முன்பே வந்த மருந்து என்பதால் அதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. ஆனால் காக்ஸ்-2 பக்கம் அதன் சாய்வு ஏறத்தாழ செலெகாக்சிப் அளவுக்கே இருக்கிறது. 2013இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு சொன்ன கணக்கு: ஆயிரம் பேர் ஒரு வருடம் காக்சிப் வகையோ அதிக அளவு டைக்ளோஃபெனாக்கோ எடுத்தால், கூடுதலாக மூன்று பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு, அவர்களில் ஒருவர் இறப்பார். அதிக அளவு நாப்ராக்செனில் அந்தக் கூடுதல் தெரியவில்லை. ஆனால் இதயம் பலவீனமாகி நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தை எல்லா மருந்துகளுமே ஏறத்தாழ இரட்டித்தன. அசெக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்கின் உடன்பிறப்பு. பிரிட்டனில் இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கைதான்: மாரடைப்பு, பக்கவாதம், கால் இரத்தக்குழாய் அடைப்பு வந்தவர்களுக்கு இரண்டுமே கூடாது.

(கழுகுகளின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம்கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாட்டுக்குப் போகாமல் இருக்க 2015இல் குப்பியை 3 மி.லி.யாகக் குறைத்தார்கள். அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடம்பில் டைக்ளோஃபெனாக்காக மாறுவது தெரிந்து 2023இல் அதையும் கால்நடை மருத்துவத்தில் தடைசெய்தார்கள். மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைவிட எவ்வளவோ தாங்கும். ஆனாலும் எந்த உறுப்பைக் குறிவைக்கும் மருந்து என்பது நினைவில் இருக்கட்டும்.)

ஆக, எந்த மாத்திரை என்பதை முடிவு செய்வது முட்டி அல்ல. வயிறும் இதயமும் சிறுநீரகமும்தான். வலிக்கு எதிரான பலத்தில் சரியான அளவில் கொடுத்தால் இவற்றுக்குள் பெரிய இடைவெளி இல்லை. சிறுநீரகம் வடிகட்டும் வேகம் (ரிப்போர்ட்டில் eGFR) 30க்குக் கீழே இருந்தால் வாய்வழி மருந்து எதுவுமே வேண்டாம். 30க்கும் 60க்கும் இடையில் என்றால் மருத்துவர் கண்காணிப்பில், சில நாட்கள் மட்டும். இதயம் பலவீனமாகி நீர்கோத்தவர்களுக்கும் வேண்டாம். இதயநோய் ஆபத்து அதிகம், வயிறு பரவாயில்லை என்றால் நாப்ராக்சென் 250 மி.கி. இருவேளை, தேவைப்பட்டால் 500 இருவேளை, கூடவே ஒமெப்ரசோல். முன்பு வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தவர் என்றால் முதலில் தவிர்க்கவே பார்க்க வேண்டும். வேறு வழியில்லை என்றால் செலெகாக்சிப்போடு கேஸ் மாத்திரை. ஆஸ்பிரின் போடும், முன்பு இரத்தம் கசிந்த நோயாளிகளை ஹாங்காங்கில் 18 மாதம் பின்தொடர்ந்தபோது, மறுபடி கசிவு செலெகாக்சிப் குழுவில் 5.6 சதவீதம், நாப்ராக்சென் குழுவில் 12.3 சதவீதம். இரு குழுவுக்கும் கேஸ் மாத்திரை கொடுத்துத்தான் இந்த எண். செலெகாக்சிப்பின் அளவு நாளுக்கு 200 மி.கி.; முட்டிக்கு அதற்குமேல் போவதில் ஆதாயம் குறைவு, ஆபத்து கூடும். 24,000 பேரை வைத்து நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், அந்த அளவை ஒட்டிய செலெகாக்சிப் இதய விஷயத்தில் நாப்ராக்செனையும் ஐபுபுரோஃபெனையும்விட மோசமில்லை என்று தெரிந்தது.

ஐபுபுரோஃபென் 400 மூன்று வேளை, அதாவது நாளுக்கு 1200 வரை, ஓரளவு நிதானமான தேர்வுதான். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கு வேண்டாம். தட்டணுவில் ஆஸ்பிரின் உட்காரும் இடத்தில் இது முன்கூட்டியே உட்கார்ந்துகொண்டு ஆஸ்பிரினை வெளியே தள்ளிவிடும். சாதாரண ஆஸ்பிரின் என்றால் அதைப் போட்டு அரை மணி கழித்து ஐபுபுரோஃபென் என்று ஓர் ஒழுங்கு சொல்வார்கள். நம் ஊரில் கிடைக்கும் 75 மி.கி. பெரும்பாலும் குடலில் கரையும் பூச்சு போட்டது. எப்போது கரையும் என்பதே நிச்சயமில்லாததால் அந்த அரை மணிக் கணக்கு இங்கே உதவாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசெனோகூமரால், குளோபிடோகிரெல் போடுகிறவர்களும், எஸிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களும் இரத்தக்கசிவு ஆபத்தில் ஒரு படி மேலே இருக்கிறார்கள். லித்தியம், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது. அவை உடம்பில் தேங்கிவிடும்.

அட்டையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். முன்பக்கம் இருப்பது கடைப் பெயர், பின்பக்கம் இருப்பதுதான் மருந்து. ஒரே அசெக்ளோஃபெனாக் எத்தனையோ பெயர்களில் வருகிறது. பெயருக்குப் பின்னால் 'பி' இருந்தால் பெரும்பாலும் பாராசிட்டமால், 'எஸ்பி' இருந்தால் கூடவே செராஷியோபெப்டிடேஸ். வீக்கத்தைக் கரைக்கும் என்று சேர்க்கப்படும் இந்த நொதிக்கு மூட்டுத் தேய்மானத்தில் உருப்படியான ஆதாரம் இல்லை. அம்மாவுக்கு அது தேவையும் இல்லை. முட்டிக்கு அசெக்ளோஃபெனாக், பல்வலிக்கு வேறொருவர் கொடுத்த டைக்ளோஃபெனாக், தலைவலிக்குக் கடையில் வாங்கிய ஐபுபுரோஃபென்: மூன்றும் ஒரே வாரத்தில் ஒரே வயிற்றில் சேர்வது அபூர்வம் அல்ல. இரண்டு வலி மாத்திரை சேர்ந்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது. புண் மட்டும் இரட்டிக்கும்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் முட்டி மாத்திரையை அன்றே நிறுத்திவிட வேண்டும். டெங்குவாக இருந்தால் தட்டணு குறையும் நேரத்தில் இந்த மருந்து இரத்தக்கசிவை வரவழைக்கும். தனிப் பாராசிட்டமால் மட்டும். அதிலும் அன்று ஏற்கெனவே போட்டுவிட்ட கூட்டு மாத்திரையிலிருக்கும் 325ஐயும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஜெல் பலனில்லை என்றீர்கள். எவ்வளவு தடவினார் என்பதுதான் கேள்வி. பட்டாணி அளவு எடுத்து முட்டிச் சில்லின் மேல் வட்டமாகத் தேய்த்திருப்பார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆய்வுகளில் பலன் காட்டிய அளவு, ஒரு சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லில் ஒரு முட்டிக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு தடவை. 30 கிராம் டியூப் ஏழு தடவைக்குத்தான் வரும். ஒரு முட்டிக்கே இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஒரே டியூப் ஒரு மாதம் வந்தது என்றால் மருந்து முட்டிக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். செலவு கட்டுப்படியாகாவிட்டால் வலி அதிகமான முட்டிக்கு மட்டும், நாளுக்கு மூன்று தடவை என்று ஆரம்பிக்கலாம். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் மாதிரி இடங்களில் விலை குறைவு. அளவு பிடிபட ஒரு வழி: புது டியூப்பை ஏழு தடவையில் முடிப்பது என்று வைத்துக்கொண்டு பிதுக்கிப் பாருங்கள், கை தானாகப் பழகிவிடும்.

முன்பக்கம், இரு பக்கம், பின்பக்கம் என்று முட்டி முழுக்கப் பரப்பி மெதுவாகத் தேய்க்க வேண்டும். பத்து நிமிடம் காயவிட்டுத் துணி மூடலாம். ஒரு மணி நேரம் அந்த இடத்தைக் கழுவக் கூடாது. கையை மட்டும் உடனே கழுவிவிட வேண்டும், கண்ணில் பட்டால் எரியும். தடவியதன் மேல் வெந்நீர் ஒத்தடமோ இறுக்கமான முட்டிக் கவசமோ கூடாது. ஒத்தடம் கொடுப்பதென்றால் முதலில் கொடுத்து, தோல் ஆறியபிறகு ஜெல். பிளந்த தோலிலோ புண்ணிலோ தடவக் கூடாது. தடித்துச் சிவந்தால் நிறுத்திவிடலாம். ஜில்லென்று இருந்தால்தான் நல்ல மருந்து என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்த ஜில் மென்தாலின் வேலை, டைக்ளோஃபெனாக்குக்கு எந்த உணர்வும் கிடையாது. இரண்டிலிருந்து நான்கு வாரம் விடாமல் தடவிய பிறகே பலனை முடிவு செய்ய வேண்டும். இதன் பெரிய லாபம், இரத்தத்தில் கலப்பது மாத்திரையில் கலப்பதில் ஏறக்குறைய 6 சதவீதம் மட்டுமே. பிரிட்டனின் 2022 வழிகாட்டல் முட்டிக்கு முதலில் ஜெல், அது போதாவிட்டாலோ ஒத்துவராவிட்டாலோதான் மாத்திரை என்று வரிசை சொல்கிறது. நம் ஊரில் அந்த வரிசை தலைகீழ். அம்மா விஷயத்தில் ஜெல்லைச் சரியான அளவில் ஒரு மாதம் பார்க்காமல் வேறு மாத்திரைக்குப் போவது வீண் துணிச்சல். கிரியேட்டினின் ஏறியிருந்தால் ஜெல்லையும் மருத்துவரிடம் கேட்டே.

இடுப்பு மூட்டுக்கு ஜெல் உதவாது. தசைக்கும் கொழுப்புக்கும் அடியில் அது வெகு ஆழத்தில் இருக்கிறது. தோலில் தடவியது அங்கே போய்ச் சேராது. அதோடு இடுப்பு மூட்டு என்று மக்கள் காட்டும் இடமும் பல நேரம் தவறாக இருக்கும். பின்னிடுப்பிலோ பக்கவாட்டிலோ வலித்தால் முதுகெலும்போ தசைநாரோ காரணமாக இருக்கலாம். உண்மையான இடுப்பு மூட்டு வலி தொடை இடுக்கில் வரும், சில பேருக்குத் தொடை வழியாக இறங்கி முட்டியில் மட்டும் தெரியும். முட்டிக்கு என்ன செய்தும் கேட்கவில்லை என்றால், மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கிய நிலையில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்ப மறுத்தாலோ தொடை இடுக்கில் சுரீரென்றாலோ பிரச்சினை மேலே இருக்கிறது. வயது நாற்பதுகளில், குடிப்பழக்கமோ நீண்டநாள் ஸ்டீராய்டு பழக்கமோ உள்ளவருக்கு இப்படி வலித்தால் அது தேய்மானம் அல்லாமல் தொடை எலும்புத் தலைக்கு இரத்தம் நின்றுபோன நோயாக இருக்கலாம். எம்ஆர்ஐ தேவை, மாத்திரை அதை மூடி மறைக்கும்.

பரிசோதனை முடிவு நன்றாக இருந்து, ஜெல் போதவில்லை என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டு மாத்திரை தொடங்கினால், அதற்கும் ஒரு முறை உண்டு. தண்ணீர் மாத்திரையை (ஹைட்ரோகுளோரோதயசைடு) பிரஷர் மருந்திலிருந்து பிரித்து வேறு மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். மூன்று மருந்துக் கூட்டு உடைந்துவிடும். தொடங்கும் முன் வலிக்கு 10க்கு எத்தனை என்று குறித்து வையுங்கள்: படி ஏறும்போது, கீழே உட்கார்ந்து எழும்போது, இரவில். இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டபின் மறுபடி குறியுங்கள். இரண்டு புள்ளிகூட இறங்கவில்லை என்றால் அந்த மருந்து அவருக்குப் பயனில்லை. அளவைக் கூட்டாமல் வேறு மருந்துக்கு மாறலாம் அல்லது விட்டுவிடலாம். இறங்கியிருந்தால் தினசரிப் பழக்கத்திலிருந்து தேவைக்கு மட்டும் என்று கீழிறக்க வேண்டும்: கல்யாணத்துக்குப் போகும் நாள், கோயில் படி ஏறும் நாள், வலி கிளம்பிய வாரம். ஒன்றிரண்டு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பிரஷரும் மறுபடி. தொடர்ந்து எடுப்பவராக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவற்றோடு ஹீமோகுளோபினும். வாந்தி, பேதி நாளில் வலி மாத்திரை கிடையாது. பிரஷர் மாத்திரையும் மெட்ஃபார்மினும் அன்றைக்கு வேண்டுமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை வாங்கித் தரும் அந்த வலி குறைந்த நேரத்தைத் தொடைத் தசைக்குப் பயன்படுத்தாவிட்டால் பாதிப் பலன் வீண். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது, ஒரு காலுக்குப் பத்து, மூன்று சுற்று. முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடும். அடுத்த நாள் காலைக்குள் தணிந்துவிட்டால் தொடரலாம். எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். முக்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் எந்த மாத்திரைக்கும் குறைந்தவை அல்ல.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு கணக்கு. டிரையம்சினலோன் 40 மி.கி. போன்றது வீங்கிய முட்டிக்குச் சில வாரம் நல்ல நிம்மதி தரும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என இரண்டு வருடம் போட்டு உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட 2017 ஆய்வில் வலியில் வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகக் கரைந்திருந்தது. ஆகவே கிளம்பிய வலியை அடக்க ஒன்று சரி, வழக்கமாக வேண்டாம். சுகர் உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பு மூட்டில் போடுவதென்றால் ஸ்கேன் பார்த்தபடி போடும் இடத்தில் மட்டும்.

மூட்டுக்குச் சத்து என்று விற்கும் குளூக்கோசமைன் வாங்கும் காசுக்குப் பழம் வாங்கலாம். தேய்மானத்துக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான டயசெரீன் மெதுவாகக் கொஞ்சம் உதவும், ஆனால் பேதியைக் கிளப்பும். 65 வயதுக்கு மேல் ஐரோப்பா வேண்டாம் என்கிறது, அம்மாவின் மருந்துக் கூட்டில் பேதி என்பது சிறுநீரகத்துக்கு நேரடி அடி.

கடைசியாக, பெயரும் கலவையும் எழுதாத பொட்டலப் பொடி, சூரணம் எதையாவது அம்மா கூடவே சாப்பிடுகிறாரா என்று சாந்தமாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டே நாளில் முட்டி வலி பறந்துவிட்டது என்றால் அதில் டெக்சாமெத்தசோனோ டைக்ளோஃபெனாக்கோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். 'ஆர்ட்ரி கிங்' என்று இயற்கை மருந்தாக விற்ற ஒரு பொருளில் இவை இரண்டுமே இருந்ததாக 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் எச்சரித்தது. முகம் உப்புவது, சுகர் காரணமில்லாமல் ஏறுவது, தோல் மெலிந்து தொட்டாலே கன்றிப்போவது இவை அடையாளங்கள். மேலே சொன்ன வலி மாத்திரைபோல இதைச் சட்டென நிறுத்தவும் கூடாது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போன உடம்பில் அட்ரினல் சுரப்பி தூங்கிவிட்டிருக்கும். திடீரென விட்டால் பிரஷர் விழுந்து மயக்கமாகிவிடும். பொட்டலத்தை அப்படியே எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டி, படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.